பிள்ளை படிப்பதை யார் கேட்பது?

சென்ற மாதம் எங்கள் கிளைக் கூட்டம் முடிந்து, சம்பள விஷயமும் வீட்டுக் கூரை விஷயமும் பேசித் தீர்ந்த பிறகு, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் எழுந்தார். ஐம்பது வயதிருக்கும். இன்னும் பால்மரம் வெட்டுகிறவர். மகள் ஜொகூரில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டதால் பேரப் பிள்ளையை அவர்தான் வளர்க்கிறார். "ஐயா, சங்கத்துல இதக் கேக்கலாமான்னு தெரியல. பேரன் முதலாம் ஆண்டு படிக்கிறான். எழுத்து நிக்கலயாம். வீட்டுல சொல்லிக் குடுங்கன்னு வாத்தியாரம்மா சொல்றாங்க. நான் மூணாம் வகுப்போட நின்னவ. எனக்கே எழுத்துக் கூட்டத்தான் வரும். நான் என்னத்த சொல்லிக் குடுக்கிறது?" என்றார்.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் கிராணி வேலை பார்த்து ஓய்ந்தவன். ஆகவே படிப்பு விஷயமெல்லாம் எனக்குத் தெரியும் என்பது அவர் எண்ணம். அன்றைக்கு நான் ஏதோ இரண்டு வார்த்தை சொல்லி உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்த அம்மாளின் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு என் பதிலை இங்கே எழுதுகிறேன். இது சங்கப் பத்திரிகையில் வர வேண்டிய விஷயமா என்று கேட்கிற தோழர்களுக்கும் கீழே பதில் உண்டு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எழுத்தைச் சொல்லிக் கொடுப்பது ஆசிரியரின் வேலை. அதற்காகத்தான் அவர் பயிற்சி பெற்றார்; அதற்காகத்தான் சம்பளம் வாங்குகிறார். அந்த வேலையை வீட்டின் தலையில் தூக்கி வைப்பது நியாயமல்ல. ஆனால் வீட்டுக்கென்று வேறொரு வேலை இருக்கிறது. அதை ஆசிரியரால் செய்ய முடியாது. முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை வாய்விட்டுப் படிப்பதை ஆசிரியர் ஒரு நாளில் எத்தனை நிமிடம் காது கொடுத்துக் கேட்க முடியும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். பிள்ளை படிப்பதைக் கேட்பதுதான் வீட்டின் வேலை. கேட்பதற்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

நம் தொழிலையே எடுத்துக்கொள்வோம். புது ஆளுக்குப் பால்மரம் வெட்டச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் முதலில் என்ன செய்வார்கள்? வெட்டி வீழ்த்தப்போகிற கிழட்டு மரங்களில் பழக விடுவார்கள். கத்தி ஆழமாய் இறங்கினால் மரத்துக்குக் காயம்; பட்டை முடிச்சு விழுந்துபோகும். மேலாக ஓடினால் பால் வராது. அந்த இடைப்பட்ட அளவை எந்தக் கங்காணியும் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. கை தினமும் செய்து செய்துதான் அறிந்துகொள்ளும். வாரத்தில் ஒரு நாள் ஐந்து மணி நேரம் வெட்டிப் பழகினவனையும், தினமும் அரை மணி நேரம் பழகினவனையும் ஒரு மாதம் கழித்து ஒரே மரத்தில் நிறுத்திப் பாருங்கள். படிப்பதும் எழுதுவதும் இதே ஜாதிதான். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிள்ளையைக் கட்டிப்போட்டுப் படிக்க வைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். தினமும் கால் மணி நேரம் போதும்.

இப்போது என் தாயாரைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் என் தாயார் பால்மரம் வெட்டினார். ஓர் எழுத்துக்கூடத் தெரியாதவர். ஊரிலிருந்து கடிதம் வந்தால் ஆபீசுக்குப் போய்த்தான் படித்துக் கேட்க வேண்டும். அந்தக் காலத்தில் தோட்டமெங்கும் அதுதான் வழக்கம். 1961ஆம் ஆண்டு, எனக்கு ஒன்பது வயது. ஊரிலிருந்து மாமா ஒரு கடிதம் எழுதியிருந்தார். சம்பள நாள், ஆபீஸ் வாசலில் கூட்டம். கடிதத்தை வாங்கிய கிராணியார் அங்கேயே உரக்கப் படித்துவிட்டார். என் சின்னம்மாவைப் புருஷன் விட்டுவிட்டுப் போன செய்தி அதில் இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பேர் தாயாரிடமே துக்கம் விசாரித்தார்கள். அவர் கெட்டவரல்ல, பழக்கதோஷத்தில் படித்தார் என்றுதான் இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தாயார் அன்றைக்கு அவமானப்பட்டார்.

இரவு மண்ணெண்ணெய் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்து அதே கடிதத்தை என் கையில் கொடுத்து, "படிடா" என்றார். நான் மூன்றாம் வகுப்பு. அச்செழுத்தை ஒருவாறு படிப்பேன். மாமாவின் கையெழுத்து எனக்கு விளங்கவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கம். மனதில் தோன்றியதையெல்லாம் சேர்த்து, நலம் நலமறிய ஆவல் என்று ஆரம்பித்து ஏதோ வாசித்துவிட்டேன். தாயார் பேசாமல் கேட்டார். முடிந்ததும், "இன்னொரு தரம் படி" என்றார். நான் இரண்டாம் முறை படித்தது முதல் முறை படித்தது போல் இல்லை. இருக்கவும் முடியாது. "கடுதாசியில எழுதினது ஒரு தரத்துக்கு ஒரு தரம் மாறுமாடா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். அடிக்கவில்லை, திட்டவில்லை. மறுநாளிலிருந்து தினமும் விளக்கேற்றியதும் நான் ஒரு பக்கம் படிக்க வேண்டும். இரண்டு முறை படிக்க வேண்டும். பள்ளிப் புத்தகமோ, கடையில் சாமான் கட்டி வந்த பழைய பத்திரிகைத் தாளோ, எதுவானாலும் சரி. இரண்டு முறையும் ஒன்றாக வந்தால் சோறு போடுவார். மாறினால் மூன்றாம் முறை. பொய்யாகக் கட்டி வாசித்து அதை வார்த்தை பிசகாமல் மனதில் வைத்துக்கொள்வதைவிட உள்ளபடி படித்துவிடுவதே சுலபம் என்று நான் ஒரு மாதத்தில் கண்டுகொண்டேன். நான் கிராணியானதற்கு என் ஆசிரியர்கள் ஒரு பாதி. எழுத்தறியாத அந்தக் காது மறு பாதி.

ஆகவே கூட்டத்தில் எழுந்த அந்த அம்மாளுக்கு என் பதில்: அம்மா, நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம். உட்கார்ந்து கேளுங்கள். இரண்டு முறை படிக்கச் சொல்லுங்கள். படித்தது என்ன என்று கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல வராவிட்டால் வாய்தான் படித்திருக்கிறது, மனம் படிக்கவில்லை என்று அர்த்தம். எழுத்துக் கூட்டத் தெரிந்த உங்களுக்கு என் தாயாரைவிட வசதி அதிகம்.

இனி எழுத்து நிற்காத விஷயம். தமிழுக்கு 247 எழுத்து என்று சொல்லியே நாம் பிள்ளையைப் பாதி பயமுறுத்திவிடுகிறோம். உண்மையில் மனதில் நிறுத்த வேண்டிய உருவம் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மற்றதெல்லாம் கால், கொம்பு, சுழி என்று ஒட்டிக்கொள்ளும் அடையாளங்கள்தான். இதில் தொல்லை கொடுப்பவை சில உண்டு. உகர வரிசை ஒரே மாதிரி இராது. கு ஒரு விதம், சு ஒரு விதம், து ஒரு விதம், மு ஒரு விதம். இவற்றைத் தனித்தனியே பழகத்தான் வேண்டும். இரண்டாவது தொல்லை கொம்பு. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. சொல்லும்போது அந்த ஓசை பின்னால் வருகிறது. ‘கொ’ என்றால் முன்னாலும் ஒன்று, பின்னாலும் ஒன்று. இடமிருந்து வலம் ஒவ்வொன்றாய்ப் பார்த்துப் போகும் ஏழு வயதுப் பிள்ளை இங்கே திகைத்து நிற்பதில் ஆச்சரியமில்லை. அது மந்தபுத்தியுமல்ல. கொம்பையும் காலையும் விரலால் மறைத்து நடு எழுத்தை மட்டும் முதலில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு விரலை எடுங்கள்.

மூன்றாவது, ஓர் எழுத்துக்குப் பல ஓசை. கப்பல், பகல், தங்கம் மூன்றிலும் வருவது ஒரே ககரம். வாயில் மூன்று விதமாய் வருகிறது. பேசத் தெரிந்த பிள்ளைக்கு இதை விளக்கத் தேவையில்லை. சொல்லை முழுதாகச் சொல்லிக் காட்டினால் தானே பிடித்துக்கொள்ளும். லகர, ளகர, ழகரச் சண்டையைப் பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை. பெரியவர்களாகிய நாமே அதில் முழுசாய்த் தேறியவர்களில்லை.

தாத்தாமார்களுக்கு ஓர் எச்சரிக்கை. நான் படித்த காலத்தில் ‘னை’, ‘லை’, ‘ணை’ முதலியவற்றுக்குத் தலையில் துதிக்கை போல ஒரு வளைவு உண்டு. ‘னா’, ‘றா’ போன்றவற்றுக்கும் வேறு உருவம். தமிழ்நாட்டு அரசாங்கம் 1978ஆம் ஆண்டில் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று அவற்றை மாற்றியது. பிற்பாடு நம் நாட்டுப் பாடநூல்களும் அதே வழிக்கு வந்துவிட்டன. இதை மறந்து ஒரு நாள் என் பேத்திக்கு ‘யானை’ என்று பழைய முறையில் எழுதிக் காட்டினேன். "தாத்தா, உங்களுக்கு யானைகூட எழுதத் தெரியலையே" என்றாள். யானைக்குத் துதிக்கை இருக்க வேண்டியதுதானே என்று நான் வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. பிள்ளையின் புத்தகத்தில் எந்த எழுத்து இருக்கிறதோ அதையே எழுதுங்கள்.

வாசிப்பைவிட எழுத்துக்குத்தான் வீட்டில் பஞ்சம். பத்து முறை எழுது, இருபது முறை எழுது என்று ஒரே சொல்லை எழுத வைத்தால் கை நகரும், கண் வேறெங்கோ இருக்கும். பிள்ளைக்குக் காரியமாக எழுத ஏதாவது கொடுக்க வேண்டும். கடையில் வாங்க வேண்டிய சாமான் கணக்கை அது எழுதட்டும். அரிசி, சீனி, கோழிமுட்டை, மண்டைவெல்லம் என்று நீங்கள் சொல்லிக்கொண்டே போங்கள். டப்பாக்களில் ஒட்ட மிளகாய்த்தூள், மல்லி, உப்பு என்று எழுதட்டும். பிழையாக எழுதினால் எழுதட்டும். அடுத்த முறை டப்பாவைத் திறக்கும்போது பேச்சுவாக்கில் திருத்திக்கொள்ளலாம். பிள்ளை வாயில் "மழ பேஞ்சிச்சி" என்று வருகிறது. புத்தகத்தில் "மழை பெய்தது" என்றிருக்கிறது. இந்த இரண்டு தமிழுக்கும் நடுவில் பாலம் போட அதற்குக் கொஞ்சம் காலம் வேண்டும். முதலில் தன் பேச்சில் சொல்லட்டும், பிறகு எழுதட்டும். பேசுவதையே தப்பு என்று அதட்டினால் அது பேசுவதையும் நிறுத்திவிடும், எழுதுவதையும் நிறுத்திவிடும்.

ஜொகூரில் இருக்கும் அந்த மகளுக்கும் இதில் வேலை உண்டு. தினமும் கைப்பேசியில் பிள்ளையோடு பேசுகிறார் என்று கேள்விப்பட்டேன். நல்லது. பிள்ளை ஒரு தாளில் ஒரே ஒரு வரி எழுதட்டும்: இன்றைக்கு என்ன சாப்பிட்டேன், பல் விழுந்தது, பூனை குட்டி போட்டது. பாட்டி அதைப் படம் பிடித்து அனுப்பட்டும். தாய் பதிலை வாயால் சொல்லாமல் தமிழில் எழுதி அனுப்ப வேண்டும். அம்மா என்ன எழுதியிருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளும் ஆசையைவிடப் பெரிய ஆசிரியர் ஏழு வயதுப் பிள்ளைக்குக் கிடையாது. கைப்பேசியைக் குறை சொல்லியே பொழுது போக்குகிறோம்; அதை இந்த வேலைக்கும் வாங்கலாம்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளை முதலாம் ஆண்டிலேயே மலாயும் ஆங்கிலமும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது. மூன்று மொழியைச் சின்னத் தலை எப்படித் தாங்கும் என்று சிலர் தமிழைக் குறைக்கப் பார்க்கிறார்கள். இது தவறான கணக்கு என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். எழுத்து என்பது ஓசையின் அடையாளம் என்ற ரகசியத்தைப் பிள்ளை ஒரே ஒரு முறைதான் கண்டுபிடிக்க வேண்டும். அதைத் தான் பேசுகிற மொழியில் கண்டுபிடிப்பது எளிது. பிறகு மலாய் எழுத்தும் தொந்தரவு தராது. 1972ஆம் ஆண்டில் எழுத்துமுறை சீர்ப்படுத்தப்பட்டது; மலாயில் பெரும்பாலும் எழுதியபடியே படிக்கலாம். இடைநிலைப்பள்ளி வரை மலாயில் படித்த தாய் தந்தையர் இன்று நிறைய இருக்கிறார்கள். தமிழ் கேட்கத் தயங்குகிறவர்கள் மலாய்ப் புத்தகத்தையாவது மடியில் வைத்துக் கேட்கலாம்.

அடி விஷயம். எங்கள் லயத்தில் ஒருவன், எழுத்துக்கு ஒரு குட்டு என்று கணக்கு வைத்து வளர்க்கப்பட்டவன். புத்தகத்தைக் கண்டாலே தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொள்வான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் அவன் போகவில்லை. இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

"சங்கம் சம்பளத்தைப் பார்க்கட்டும், இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். இதில் குற்றவாளி நான்தான். செக்ரோல் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு சம்பள நாளன்று, நாலாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி தன் தாயின் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் ஜன்னலண்டை நின்றாள். தாய் பின்னால் தயங்கி நின்றார். "இதுல 22 நாள்னு போட்டிருக்கு. எங்கம்மா 24 நாள் போனாங்க. நான் காலண்டர்ல எழுதி வச்சிருக்கேன்" என்றாள். எடுத்துப் பார்த்தேன். இரண்டு நாளை நான் அடுத்த வரியில் வேறொருவர் பெயரில் ஏற்றிவிட்டிருந்தேன். காது மடல் சூடாகிவிட்டது. திருத்திக் கொடுத்தேன். அந்தச் சிறுமி வராதிருந்தால் அந்த இரண்டு நாள் கூலி போனதுதான். தாயும் கேட்டிருக்க மாட்டார், எனக்கும் தெரிந்திருக்காது.

குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாக ஆரம்பித்து 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் 1,700 வெள்ளிக்கு வந்திருக்கிறது. அந்த எண் நம் சீட்டில் உள்ளபடி வந்து சேர்ந்திருக்கிறதா, சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் பிடித்தது சரியா என்று பார்க்க வீட்டில் ஒருவராவது படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டாமா? இதுவும் சங்க வேலைதான்.

இன்னொன்றையும் நினைவுபடுத்த வேண்டும். தோட்டத்துப் பள்ளிகள் துரைமார் தாமாக மனமிரங்கிக் கொடுத்தவையல்ல. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்தாக வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்தியது. கொட்டகையோ, கோயில் திண்ணையோ, ஏதோ ஓர் இடத்தில் பள்ளி நடந்தது. சுதந்திரம் வந்த 1957இல் நாட்டில் தமிழ்ப்பள்ளிகள் எண்ணூறுக்கு மேல். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஜனங்கள் பட்டணத்துக்குப் போனார்கள். இன்றைக்குப் பள்ளிகள் ஐந்நூற்றுச் சொச்சம். தோட்டத்துக்குள் பள்ளி இருந்தபோது ஆசிரியர் பக்கத்து வீட்டில் குடியிருந்தார். சாயங்காலம் வாசலில் நின்று கேட்கலாம். இன்று பல பிள்ளைகள் விடியுமுன் பஸ் ஏறித் தூரத்துப் பள்ளிக்குப் போகின்றன. ஆசிரியரும் வீடும் விலகிப் போய்விட்டதால்தான் வீட்டுக் கால் மணி நேரம் முன்னைவிட இப்போது அதிகம் தேவைப்படுகிறது.

ஆனால் அந்தக் கால் மணியை எங்கிருந்து எடுப்பது? விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பொங்கி வைத்து, பிரட்டுக்குப் போய், வெட்டி, மங்குப் பால் எடுத்து, நிறுத்துவிட்டு வீடு திரும்பும் பெண்பிள்ளைக்கு மத்தியானத்திலேயே உடம்பு கெஞ்சும். துணியும் சமையலும் அவருக்காகக் காத்திருக்கும். ஆகவே இந்த வேலையைத் தாயின் தலையில் மட்டும் கட்டாதீர்கள். சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து பந்தாட்டம் பேசுகிற தகப்பன்மார் ஒரு கால் மணி நேரம் முந்தி வீடு வரட்டும். மழை பெய்து வெட்டில்லாத நாளில் இன்னும் கொஞ்சம் கூடுதலாய் உட்காரட்டும். அண்ணன், அக்காள் இருந்தால் அவர்கள் கேட்கட்டும். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குக் கேட்பதில் இரண்டும் தேறும்.

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் கடிதம் படித்துக் கொடுப்பதும் மனு எழுதிக் கொடுப்பதும் நம் கையில் இருந்தது. அதனால் வந்த மரியாதையை நம்மில் சிலர் சற்று அதிகமாகவே அனுபவித்தோம். ஜனங்கள் படித்துவிட்டால் நம்மைத் தேடி வரமாட்டார்களே என்று நினைத்தவர்களையும் நான் அறிவேன். அந்தக் கடனைத் தீர்க்க இப்போது ஒரு வழி இருக்கிறது. வாரத்தில் ஒரு மாலை மண்டபத்தில் உட்கார்ந்து, வரும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பக்கம் படிப்பதைக் கேளுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய பத்திரிகைகளையும் பிள்ளைகள் படித்து முடித்த புத்தகங்களையும் கொண்டு வந்து வையுங்கள். 1950களில் தமிழ் முரசின் மாணவர் மணிமன்றத்துக்கு எழுதி, தன் பெயர் அச்சில் வருமா என்று தபால்காரனை எதிர்பார்த்து நின்ற பிள்ளைகள் தோட்டங்களிலும் இருந்தார்கள். அந்த மாதிரி ஒரு மூலையை நம் பத்திரிகையும் பிள்ளைகளுக்கு ஒதுக்கினால் என்ன என்று ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் கிளையில் ஓர் அலமாரிக்கு ஏற்பாடு செய்துவிட்டோம். மண்டபத்துக்கு இரண்டு விளக்கு கேட்டு நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை. வராவிட்டால் அடுத்த பேச்சுவார்த்தையில் கூரை விஷயத்தோடு அதையும் சேர்த்துக் கேட்பது என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது.

போன வாரம் அந்த அம்மாளைக் கடைத்தெருவில் பார்த்தேன். இரண்டு முறை படிக்க வைக்கிறாராம். "மொத தரம் ஒண்ணு படிக்கிறான், ரெண்டாந் தரம் வேற ஒண்ணு படிக்கிறான் ஐயா. சரியான திருட்டுப் பய" என்று சிரித்தார். பேரன் பக்கத்தில் நின்று கடைப்பலகையை அண்ணாந்து பார்த்து ஒவ்வோர் எழுத்தாய் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். கொம்பு வந்த இடத்தில் நின்றுவிட்டான். நான் விரலைத் தூக்கிக் காட்டினேன், பலகை எட்டவில்லை.